குவாலிஸுக்கு ஒரு கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர்: வாங்கியதும் மாட்டியதும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். டொயோட்டா குவாலிஸில் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாக வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் சின்ன உருளை) ஒழுக ஆரம்பித்தால், ஐசின் கம்பெனிப் பெட்டியில் வரும் முழு அசெம்பிளியை வாங்கிப் போடுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்கள் மட்டும் வரும் கிட் போட்டால் போதுமா என்பது சிலிண்டரின் உட்சுவரைப் பார்த்தபிறகு முடிவு செய்ய வேண்டிய விஷயம். பெரும்பாலும் போதாது. ஆன்லைனில் பாதி விலைக்கும் கீழே கிடைப்பதைத் தொடவே வேண்டாம். மாட்டும் வேலையை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம், ஸ்பேனர் பிடித்துப் பழகிய கையும், ஒரு மதியப் பொழுதும், கிளட்ச்சைப் பொறுமையாக மிதிக்க ஓர் ஆளும் இருந்தால்.

நான் மெக்கானிக் இல்லை. கல்யாண சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவன், சேலையூர் பக்கம் வீடு. என் குவாலிஸ் 2003 மாடல். பின் சீட்டுகளை மடக்கிவிட்டால் அண்டா, இட்லிக் கொப்பரை, வடைச்சட்டி, இரண்டு காஸ் அடுப்பு எல்லாம் ஏறிவிடும். அதற்காகவே விற்காமல் வைத்திருக்கிறேன். 2000-இல் இந்தியாவுக்கு வந்து, 2005-இல் இன்னோவா வந்ததும் நிறுத்தப்பட்ட வண்டி. ஆக, இன்று ரோட்டில் ஓடும் எந்தக் குவாலிஸுக்கும் இருபது வயது தாண்டிவிட்டது. 2446 சிசி டீசல் எஞ்சினை யாராலும் சாகடிக்க முடியாது. ஆனால் ரப்பருக்கு வயதாகும். இந்த வண்டியில் இப்போது போவதெல்லாம் ரப்பர்தான்.

எனக்குக் கோளாறு தெரிந்தது ரிவர்ஸ் கியரில். மண்டபத்துப் பின்வாசலில் சாமான் இறக்க வண்டியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் கரகரவென்று சத்தம். பழைய கியர்பாக்ஸ்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் (பற்கள் உரசாமல் கியரை விழவைக்கும் அமைப்பு) கிடையாது. கிளட்ச் முழுசாக விடுபடாவிட்டால் முதலில் புகார் சொல்வது அந்தக் கியர்தான். அப்புறம் பெருங்களத்தூர் சிக்னலில் கிளட்ச்சை முழுசாக மிதித்துக்கொண்டு நிற்கும்போதே வண்டி மெல்ல முன்னால் நகரப் பார்த்தது. பெடல் பாதி தூரத்துக்குக் காற்றில் மிதிப்பதுபோல் இறங்கி, தரைக்குப் பக்கத்தில் போய்த்தான் எதையோ பிடித்தது. இரண்டு மூன்று தடவை அடித்து மிதித்தால் சரியாகிவிடும், கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பழையபடி.

அடித்து மிதித்தால் சரியாகிறது என்பது பெரிய தடயம். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் இப்படி இருக்காது. பிளேட் தேய்ந்த வண்டியில் எஞ்சின் உறுமும், வேகம் ஏறாது, மேட்டில் சறுக்கும், ஆனால் கியர் நன்றாகவே விழும். என் வண்டியில் எல்லாமே தலைகீழ். இழுவையில் குறையே இல்லை, கியர்தான் விழவில்லை. அப்படியென்றால் காலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் இருக்கும் ஆயில் வழியில்தான் எங்கோ ஓட்டை.

இதைப் பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் மாற்றணும், கியர்பாக்ஸ் இறக்கணும், லேபரோடு பதினாலாயிரம் ஆகும் என்றார்கள். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வைகாசி முகூர்த்தங்கள் வரிசையாக நின்ற நேரம். வண்டியைப் பல நாள் அங்கே போட முடியாது என்பதும் ஒரு காரணம்.

வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிட்டது. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது ஒரு தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் போகிறது. அங்கிருந்து ஆயில் குழாய் வழியாக அழுத்தம் கீழே ஸ்லேவ் சிலிண்டருக்கு வருகிறது. அதன் பிஸ்டன் வெளியே தள்ளும் தண்டு கிளட்ச் ஃபோர்க் என்ற நெம்புகோலைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகிறது, கிளட்ச் விடுபடுகிறது. குவாலிஸில் இந்த ஸ்லேவ் பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு) வெளியே, பக்கவாட்டில், இரண்டே போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதன் வாயில் ஒரு ரப்பர் பூட், அதாவது தூசி புகாமல் மூடும் உறை. அந்தப் பூட்டின் ஓரத்தை விரலால் லேசாக விலக்கினால் போதும். உள்ளே உலர்ந்திருந்தால் ஸ்லேவ் குற்றவாளி இல்லை. என்னுடையதில் கறுப்பு ஆயில் சொட்டியது. ரப்பர் கரைந்த கறுப்பு அது.

பூட் உலர்ந்திருந்தும் பெடல் இறங்கினால் மேலே மாஸ்டரைப் பாருங்கள். மாஸ்டர் வெளியே ஒழுகினால் பெடல் பக்கத்தில், கால்மிதி விரிப்பில் ஈரம் தெரியும். உள்ளுக்குள்ளேயே ஆயில் தப்பித்தால் வெளியே ஒன்றும் தெரியாது, ஆயில் அளவும் குறையாது, ஆனால் காலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் பெடல் மெல்ல மெல்ல அமிழும். இந்த ஐந்து நிமிட சோதனையைச் செய்யாமல் எந்தப் பொருளையும் வாங்காதீர்கள்.

இன்னொன்று. எல்லாக் காரிலும் இந்த சௌகரியம் கிடையாது. ஃபோர்டு ஃபிகோ, செவர்லே க்ரூஸ் போன்றவற்றில் ஸ்லேவ் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்கு உள்ளேயே, கியர்பாக்ஸ் ஷாஃப்டைச் சுற்றி வளையமாக இருக்கும். கியர்பாக்ஸை இறக்காமல் அதன் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டு வேலையை மறந்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே நல்லது. மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் வெறும் கேபிள்தான், இந்தப் பேச்சே இல்லை.

சரி, கடைக்கு வருவோம்.

முதலில் ஆன்லைனில் ஒன்று ஆர்டர் போட்டேன். விலை அறுநூறுக்குள். பெயரைச் சொல்லப் போவதில்லை, அதே பொருள் வேறு வேறு பெயரில் அலைகிறது என்றுதான் நினைக்கிறேன். பெட்டியைப் பிரித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், சிலிண்டரின் உட்சுவரில் லேத் ஓடிய வரிகள் கண்ணுக்கே தெரிந்தன. அந்த வரிகள்மேல்தான் பிஸ்டனோடு சேர்ந்த ரப்பர் கப் ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் ஓட வேண்டும். எத்தனை மாதம் தாங்கும்? காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளைக் கழற்றினால் மரையில் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. பூட் அதன் பள்ளத்தில் உட்காராமல் ஒருபக்கம் எழும்பியே நின்றது. தள்ளுத்தண்டு பழையதைவிடக் குட்டை என்பது பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. மாட்டாமலே திருப்பி அனுப்பிவிட்டேன். பணம் வந்துவிட்டது, அந்த மட்டில் குறை இல்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஸ்லேவ் சிலிண்டர் வாங்கும்போது போல்ட் ஓட்டை பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். உள்விட்டம்தான் முக்கியம். பல சிலிண்டர்களின் மேலேயே அது இஞ்ச் பின்னத்தில் வார்த்திருக்கும். முக்கால் இஞ்ச் என்றால் 19.05 மில்லிமீட்டர், பதினாறில் பதின்மூன்று இஞ்ச் என்றால் 20.64 மில்லிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். மாஸ்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் ஆயில் எப்போதும் ஒரே அளவு. அது பெரிய சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் குறைவான தூரமே நகரும். இந்த இரண்டு அளவுக்கும் கணக்குப் போட்டால் தண்டின் ஓட்டம் சுமார் 15 சதவீதம் குறைகிறது. பெடல் மிதிக்க லேசாக இருக்கும், ஆனால் கிளட்ச் முழுசாக விடுபடாது, ரிவர்ஸ் கரகரக்கும். புதுச் சிலிண்டர் போட்டும் அதே தொல்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அடுத்து ஜி.பி. ரோடு. வெளியூர்க்காரர்களுக்கு: மவுண்ட் ரோடுக்குப் பக்கத்தில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, சென்னையில் கார் ஸ்பேர்ஸ் என்றால் அங்கேதான். புதுப்பேட்டையிலும் கிடைக்கும், ஆனால் அது கழற்றிய பொருள்களின் சந்தை. கதவு, பம்பர், கண்ணாடி என்றால் புதுப்பேட்டைக்குத் தாராளமாகப் போகலாம். ரப்பர் உள்ள எதையும் பழசாக வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு வண்டியில் இருபது வருஷம் ஓடிய சிலிண்டர் என் வண்டியில் புதுசாகிவிடாது.

ஜி.பி. ரோடு கடைக்குப் போகும்போது பழைய சிலிண்டரின் போட்டோ, வண்டி எண்தகடு, சேசிஸ் நம்பர் மூன்றையும் போனில் வைத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெரியவர் எதையும் பார்க்கவில்லை. "குவாலிஸா? கிட்டா, அசெம்பிளியா?" என்று மட்டும் கேட்டார்.

"எது நல்லதுங்க?"

"வண்டி உங்களுதா, விக்கப் போறீங்களா?"

இதைவிடச் சுருக்கமான ஆலோசனையை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அசெம்பிளி என்றேன். ஐசின் பெட்டி ஒன்றை எடுத்துவைத்தார். ஐசின் டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த ஜப்பான் நிறுவனம், கிளட்ச் சாமான் செய்வது அவர்களுடைய பழைய தொழில். எனக்கு ஆனது ஆயிரத்து எழுநூறு சொச்சம். டாக்ஸ் பில்லோடு. பில் இல்லாமல் நூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், போலிப் பெட்டிகள் நிறைய சுற்றும் ஊர் இது.

பெட்டியில் இருந்தது: சிலிண்டர், அதில் மாட்டிய பூட், தள்ளுத்தண்டு, நிப்பிள், நிப்பிளுக்கு ஒரு ரப்பர் தொப்பி. அவ்வளவுதான். போல்ட் வராது. உட்சுவர் வழவழவென்று இருந்தது, வெளிச்சத்தில் திருப்பினால் ஒரு கோடுகூட இல்லை. பிஸ்டனை விரலால் அழுத்தினால் சீராக உள்ளே போய், ஸ்பிரிங் தள்ள சீராகவே திரும்புகிறது. பூட்டின் ரப்பரைக் கிள்ளிப் பார்த்தால் மிருதுவாக மீள்கிறது. குழாய் மாட்டும் ஓட்டையில் பிளாஸ்டிக் அடைப்பான். அந்த அடைப்பானைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், வேலைக்கு நடுவில் உதவும். கவுண்டரிலேயே பழைய போட்டோவோடு வார்ப்பு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன், உள்விட்டம் அதேதான்.

கூடவே நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு ரப்பர் கிட்டும் வாங்கினேன். பழைய சிலிண்டரைக் கழற்றியபிறகு அது பிழைக்குமா என்று பார்க்கும் ஆசை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கருவிகளில் ஒன்றைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பிளேர் நட் ஸ்பேனர். ஆயில் குழாய் சிலிண்டரில் சேரும் இடத்தில் இருக்கும் நட் மிருதுவானது, இருபது வருஷத் துரு வேறு. சாதாரண டபுள் எண்ட் ஸ்பேனர் அதை இரண்டு பக்கத்தில் மட்டும் பிடிக்கும். கொஞ்சம் வேகமாகத் திருகினால் முனைகள் மழுங்கி நட் உருண்டையாகிவிடும். அப்புறம் வைஸ் கிரிப் போட்டு, அதுவும் நழுவி, கடைசியில் குழாயையே அறுத்துப் புதுக் குழாய் வளைக்க வேண்டிவரும். ரிங் ஸ்பேனரை மாட்ட முடியாது, நடுவில் குழாய் இருக்கிறதே. பிளேர் நட் ஸ்பேனர் என்பது ரிங் ஸ்பேனரில் குழாய் நுழையும் அளவுக்கு ஒரு வாய் வெட்டியது. நட்டை ஐந்து பக்கமும் கவ்வும். 10 மில்லிமீட்டர் அளவு வேண்டும். கடையில் பிரேக் பைப் ஸ்பேனர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். முந்நூறு ரூபாய் ஆனது. இந்த வேலையில் நான் செலவழித்ததிலேயே மிக நல்ல முந்நூறு ரூபாய் அது. சிலிண்டரையே கடன் வாங்கிப் போட்டாலும் போடுங்கள், இந்த ஸ்பேனர் இல்லாமல் அடியில் படுக்காதீர்கள்.

படுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இரண்டு ஆக்சில் ஸ்டாண்டு வாங்கி, குவாலிஸின் சேசிஸ் சட்டத்துக்கு அடியில் கொடுத்தேன். முன்பக்கம் தூக்குவதால் பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக்கும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. தரை காங்கிரீட்டாக இருக்க வேண்டும், மண் தரையில் வேண்டாம்.

இனி வேலை. முந்தின நாள் சாயங்காலமே அந்தப் பிளேர் நட்டிலும் இரண்டு போல்ட்டிலும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிட்டேன். மறுநாள் முதலில் நட்டைத்தான் இளக்க வேண்டும், சிலிண்டர் இன்னும் போல்ட்டில் இறுகியிருக்கும்போதே. சிலிண்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நட்டைத் திருகினால் குழாயும் சேர்ந்து முறுக்கும். நட் கால் சுற்று இளகியதும் 12 ஸ்பேனரால் இரண்டு போல்ட்டையும் கழற்றினேன். அப்புறம் நட்டை முழுசாகக் கழற்றி, குழாயின் வாயில் பழைய நிப்பிளின் ரப்பர் தொப்பியை மாட்டினேன். இல்லாவிட்டால் மேலே டப்பாவில் இருக்கும் ஆயில் எல்லாம் முகத்தில் வடியும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

மாட்டும்போது ஒரு சூட்சுமம். புதுச் சிலிண்டரை முதலில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு அப்புறம் குழாயைத் திருக முயன்றால் மரை ஏறவே ஏறாது. கோணலாக ஏறி மரை கெட்டால் புதுச் சிலிண்டர் போச்சு. சிலிண்டரைத் தொங்கவிட்டபடியே நட்டைக் கையால் மூன்று நான்கு மரை ஏற்ற வேண்டும். விரலால் லகுவாகப் போக வேண்டும், ஸ்பேனர் கேட்டால் கோணல் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் போல்ட். ஐசின் சிலிண்டரில் நட் கையாலேயே கடைசிவரை போனது. மரை எவ்வளவு சுத்தமாக வெட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தண்டின் நுனி ஃபோர்க்கின் குழியில் உட்காரும் இடத்தில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தேன், அங்கே மட்டும். பூட்டுக்கு உள்ளே சாதாரண கிரீஸ் போகக் கூடாது.

ஏன் கூடாது என்பது ஆயிலுக்கும் பொருந்தும். இந்தச் சிலிண்டரில் ஊற்றுவது பிரேக்குக்கு ஊற்றும் அதே திரவம்தான், டாட் 3. பிரேக் ஆயில் என்று கேட்டு வாங்கினாலும் அது எஞ்சின் ஆயில் ஜாதியே அல்ல, கிளைகால் வகை. உள்ளே இருக்கும் ரப்பர் கப் அதற்கென்றே செய்த ரப்பர். அதில் எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு ஸ்பூன் கலந்தாலும் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பிவிடும். மாஸ்டர், ஸ்லேவ் இரண்டும் காலி.

டாட் 4 போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். போடலாம், கெடுதல் இல்லை, இரண்டும் கிளைகால்தான். புது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. பிரேக்கில் அந்த வித்தியாசம் பேசும். கிளட்ச்சில் அவ்வளவு சூடு எங்கே வருகிறது? கிளட்ச்சுக்கு எதிரி தண்ணீர். இந்தத் திரவம் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சென்னைக் காற்றில் கேட்கவே வேண்டாம். அந்த ஈரம்தான் சிலிண்டர் சுவரை உள்ளிருந்து அரிக்கிறது. அதனால் விலை கூடிய ஆயிலைவிட, சீல் உடைக்காத சின்ன பாட்டிலாக வாங்கி, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது மேல். நான் ஊற்றியது டிவிஎஸ் கேர்லிங். நம் பாடியில் இருக்கும் பிரேக்ஸ் இந்தியாவின் சரக்கு, 1962-இல் தொடங்கிய கம்பெனி. பாதி பாட்டில் மிஞ்சியது. அதை அலமாரியில் வைத்து அடுத்த வருஷம் ஊற்றுவதில் அர்த்தமில்லை.

ஏர் எடுப்பதுதான், அதாவது ஆயில் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றுவதுதான், இந்த வேலையில் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. இதற்கென்று ஒரு வழி வால்வு வைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வாங்கினேன், இருநூற்றைம்பது ரூபாய். ஒரே ஆளாக ஏர் எடுத்துவிடலாம் என்று படம் போட்டு எழுதியிருக்கிறது. நிப்பிளை லேசாகத் திறந்துவைத்து, மேலே போய்ப் பெடலை மிதித்து மிதித்து எடுக்க வேண்டும். ஆயில் வெளியே வரும், திரும்பி உள்ளே போகாது, அதெல்லாம் சரி. ஆனால் பெடல் திரும்பும்போது நிப்பிளின் மரை இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போகிறது. பாட்டிலில் குமிழி நிற்கவே இல்லை. அந்தக் குமிழி சிலிண்டரிலிருந்து வருகிறதா, மரையிலிருந்து வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டிலை நல்ல கழிவு பாட்டிலாக வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு மாற்றாக அதை வாங்க வேண்டாம்.

பழைய முறையே போதும். முதலில் எங்கள் சமையல் செட்டில் இருக்கும் பையனை உட்காரவைத்தேன். மிதி என்றால் அவன் தடதடவென்று அடித்துத் தள்ளினான். அப்படி அடித்தால் உள்ளே இருக்கும் காற்று ஆயிலோடு நுரைத்துக் கலந்துவிடும், அப்புறம் அது பிரிந்து மேலே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். "அண்ணே, நீங்கதானே மிதின்னீங்க" என்றான். அவனை டப்பாவில் ஆயில் பார்த்து ஊற்றும் வேலைக்கு மாற்றிவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதுவே நல்லதாயிற்று. சொன்னதை மட்டும் செய்தாள்.

"மெதுவா அடிவரைக்கும் மிதி. மிதிச்சுட்டுச் சொல்லு."

"மிதிச்சாச்சுங்க."

நிப்பிளைத் திறந்தேன், அதில் மாட்டிய குழாய் வழியாகக் குமிழியோடு ஆயில் வந்தது, மூடினேன். "இப்ப விடு."

"வரலைங்க. கீழேயே நிக்குது."

"கையால மேல இழுத்து விடு."

இது முக்கியம். காற்று இருக்கும்வரை பெடல் தானாக மேலே வராது. பயப்பட வேண்டாம், கையால் இழுத்துவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். வரிசை மட்டும் மாறக் கூடாது: மிதித்தபின் திற, மூடியபின் விடு. டப்பாவில் ஆயில் அடிமட்டத்துக்குப் போய்விட்டால் மேலிருந்து காற்று புகுந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும், பையனை அங்கே நிறுத்தியது அதற்குத்தான். எவ்வளவு எடுத்தும் பெடல் இளகலாகவே இருந்தால் ஒரு தந்திரம். நிப்பிளை மூடிவிட்டு, அடியில் ஃபோர்க்கோடு சேர்த்துத் தண்டைச் சிலிண்டருக்குள் மெதுவாக முழுசாகத் தள்ளி விடுங்கள். உள்ளே சிக்கிய காற்று குழாய் வழியாக ஏறி மேலே டப்பாவில் குமிழியாக வெளியேறும். எனக்கு இதைச் செய்தபிறகுதான் பெடல் கல்லாக நின்றது. அந்தத் தந்திரத்துக்கு டப்பா விளிம்புவரை நிரம்பியிருக்கக் கூடாது, பொங்கி வழியும்.

நிப்பிளை இறுக்கும்போது கை அடக்கம் வேண்டும். உள்ளே துளை போட்ட சின்னத் திருகு அது, பலம் காட்டினால் ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடி போட்ட பாட்டிலில் தனியாக எடுத்துவைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

பழைய சிலிண்டருக்கும் கிட்டுக்கும் வருகிறேன். பழையதைப் பிரித்துத் துடைத்து, உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். வாய்ப்பக்கத்தில், ரப்பர் கப் வழக்கமாக நிற்கும் இடத்துக்குச் சற்று வெளியே, அம்மைத்தழும்பாகப் பள்ளங்கள். நகம் தட்டி நின்றது. நகம் தட்டும் சுவரில் எந்தப் புது ரப்பரும் நிலைக்காது. ஜப்பான் கிட் போட்டாலும் சில மாதத்தில் அதே பள்ளம் புது ரப்பரையும் சுரண்டிவிடும். ஹோனிங் பண்ணித் தருகிறேன், அதாவது உட்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கித் தருகிறேன் என்பார்கள். லேசான கறையைத் தேய்த்து எடுக்க அது போதும். பள்ளம் போகும்வரை தேய்த்தால் உள்விட்டம் பெரிதாகி, கப் சரியாகக் கவ்வாது. ஆக, என் வண்டிக்குக் கிட் வீண். பத்து வருஷத்துக்குள்ளான, ஆயில் ஒழுங்காக மாற்றிய வண்டியாக இருந்து, சுவர் நகத்தில் தட்டாமல் இருந்தால் நூற்றைம்பது ரூபாயில் வேலை முடிந்துவிடும் என்பதையும் மறுக்கவில்லை. கிட் பெட்டி பிரிக்காமல் இருந்ததால் கடைக்காரர் முகம் சுளிக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மொத்தச் செலவு: சிலிண்டர், ஸ்பேனர், ஆயில், அந்தப் பிரயோஜனமில்லாத பாட்டில் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் பக்கம். ஆக்சில் ஸ்டாண்டு தனி, அதை இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை, எல்லா வேலைக்கும் ஆகும்.

போட்டபிறகு வைகாசி, ஆவணி இரண்டு சீசனும் வண்டி ஓடிவிட்டது. தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் பாரத்தோடு போய்வந்திருக்கிறேன். பெடல் பிடிக்கும் இடம் மாறவில்லை, ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது, டப்பாவில் ஆயில் போட்ட கோட்டிலேயே நிற்கிறது. பூட்டை விலக்கிப் பார்த்தேன், உள்ளே உலர்ந்திருக்கிறது. பெடல் முன்பைவிடச் சற்றுக் கனமாகத் தோன்றுகிறது. ஒழுகிய சிலிண்டரோடு பல மாதம் ஓட்டிய காலுக்கு எதுவும் கனமாகத்தான் தெரியும், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

குறை என்றால் இரண்டு. போல்ட்டையும் பெட்டியில் வைத்திருக்கலாம், பழைய போல்ட்டின் மரையைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்ததில்தான் நேரம் போனது. நிப்பிள் தொப்பி பாவம்போல் மெல்லிசு, சேறும் தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் அது ரொம்ப நாள் தாங்காது. பழைய தொப்பி தடிமனாக இருந்ததால் அதையே கழுவி மாட்டிவிட்டேன்.

மாஸ்டர் சிலிண்டரையும் கூடவே மாற்ற வேண்டுமா என்று கடையில் கேட்டேன். ஒன்று போனால் இன்னொன்றும் பின்னாலேயே போகும் என்பது அவர்கள் பக்கத்து வாதம். புது ஸ்லேவ் போட்டதும் அழுத்தம் கூடி, களைத்துப்போன பழைய மாஸ்டர் ஒழுக ஆரம்பிப்பது நடக்கக் கூடியதுதான். என் மாஸ்டர் உலர்ந்திருக்கிறது, பெடலை அழுத்திப் பிடித்தாலும் அமிழவில்லை. அதனால் இப்போதைக்குத் தொடவில்லை. வாங்குவதானால் அதே கவுண்டர், அதே பெட்டி.

கடைக்குப் போகிறவர்களுக்கு: மதியம் ஒரு மணிக்கு முன்னால் போங்கள், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பூட்டைக் கிள்ளிப் பார்க்கவும் உட்சுவரில் டார்ச் அடிக்கவும் விடாத கடையில் வாங்காதீர்கள். ஒருமுறை ஆயில் பட்ட சிலிண்டரை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள், பார்க்க வேண்டியதையெல்லாம் கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள்.